வாசகர் கேள்வி பதில்: பேஸலில் பில்ட் இலக்குகளை வடிகட்டுவது எப்படி?

மூல நிரலைத் தொகுத்து மென்பொருளாக்கும், கட்டளை வரியிலிருந்து இயக்கப்படும் பில்ட் கருவியான பேஸல் குறித்து இம்முறை வந்துள்ள கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: நூற்றுக்கணக்கான இலக்குகள் (பில்ட் செய்யவோ சோதிக்கவோ பெயரிட்ட அலகுகள்) கொண்ட நிரல் களஞ்சியத்தில் வேண்டியதை மட்டும் பில்ட் செய்து, வேண்டாததை விட்டுவிடுவது எப்படி? கூகுள் தன் அலுவலகங்களுக்குள் பிளேஸ் என்ற பெயரில் பயன்படுத்தி வந்த கருவியின் திறந்த மூல வடிவம்தான் பேஸல். 2015-இல் வெளியாகி, 2019 அக்டோபரில் 1.0 பதிப்பை அடைந்தது. இப்பகுதியில் கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் களஞ்சியத்தில் ஸ்கீமா கோப்புகளிலிருந்து நிரலை உருவாக்கித் தரும் ஒரு நூலகம் இருக்கிறது. அதைத் தொகுக்க நெடுநேரம் ஆவதால், இலக்குகளை வரையறுக்கும் அதன் பில்ட் கோப்பில் "ஸ்லோ" என்று குறிச்சொல் இட்டுவிட்டு, "பேஸல் பில்ட் --பில்ட்_டேக்_ஃபில்டர்ஸ்=-ஸ்லோ //..." என்று கட்டளை கொடுத்தேன். ஆனாலும் அந்த நூலகம் ஒவ்வொரு முறையும் பில்ட் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. இது பேஸலின் பிழையா?
(வாசகர், சென்னை)

பதில்: பிழை இல்லை. இந்த ஃபிளாக் (கட்டளையோடு தரும் கூடுதல் அறிவுறுத்தல்) எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். களஞ்சியம் முழுவதையும் குறிக்கும் "//..." என்பதை நீங்கள் கொடுத்ததும், பேஸல் களஞ்சியத்தின் எல்லா பேக்கேஜ்களையும் (பில்ட் கோப்பு உள்ள கோப்புறைகள்) படித்து, அந்தக் குறியீட்டுக்குள் அடங்கும் இலக்குகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கிறது. குறிச்சொல் வடிகட்டி இந்தப் பட்டியலின் மீதுதான் செயல்படுகிறது. பட்டியலில் எஞ்சிய இலக்குகள் ஒவ்வொன்றுக்கும் எவையெவை சார்புகளாகத் தேவை என்று கணக்கிடும் வேலை அதன் பிறகே தொடங்குகிறது; அங்கே வடிகட்டிக்கு எந்த அதிகாரமும் இல்லை. உங்கள் சர்வர் இலக்கு அந்த ஸ்கீமா நூலகத்தை "டெப்ஸ்" எனும் சார்புப் பட்டியலில் வைத்திருக்குமானால், நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும் சர்வருக்காக அது பில்ட் செய்யப்பட்டே தீரும். சாம்பார் வேண்டும், ஆனால் பருப்பை வேகவைக்கக் கூடாது என்று சொல்வதற்கு ஒப்பான கோரிக்கை இது.

எந்த இலக்கு அந்த நூலகத்தை இழுத்து வருகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. "பேஸல் கொயரி" கட்டளையில் "சம்பாத்(//சர்வர்/..., //டூல்ஸ்/ஜென்:ஸ்கீமா)" என்று மேற்கோள்குறிக்குள் கொடுத்தால், சர்வர் கோப்புறையிலிருந்து நூலகம் வரையிலான சார்புச் சங்கிலி ஒன்றைக் காட்டும். எல்லாச் சங்கிலிகளையும் பார்க்க விரும்பினால் "ஆல்பாத்ஸ்" பயன்படும். மேற்கோள்குறியை விட்டுவிட்டால் அடைப்புக்குறிகளை ஷெல் தனக்குரியவையாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

நூலகத்தை மட்டுமின்றி, அதைச் சார்ந்து நிற்கும் எல்லா இலக்குகளையும் விட்டுவிடுவதே உங்கள் நோக்கமானால், அந்த இலக்குகளுக்கும் "ஸ்லோ" குறிச்சொல்லை இட வேண்டும். குறிச்சொற்கள் சார்புகள் வழியாகத் தாமாகப் பரவுவதில்லை. அது பெரிய வேலையாகத் தோன்றினால் கொயரி மொழியிலேயே கழித்துவிடலாம். "//... எக்செப்ட் ஆர்டெப்ஸ்(//..., //டூல்ஸ்/ஜென்:ஸ்கீமா)" என்று கேட்டால், நூலகத்தையும் அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ சார்ந்திருப்பவற்றையும் நீக்கிய பட்டியல் கிடைக்கும். அதை ஒரு கோப்பில் எழுதி, "--டார்கெட்_பேட்டர்ன்_ஃபைல்" என்ற ஃபிளாக் மூலம் பேஸலிடம் கொடுக்கலாம். இந்த ஃபிளாக்கைப் பயன்படுத்தும்போது கட்டளை வரியில் தனியாக வேறு இலக்குகளைக் குறிப்பிட முடியாது.

இந்த வழியில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, "மேனுவல்" என்று குறிக்கப்பட்ட இலக்குகளை பில்ட் கட்டளையின் "//..." விட்டுவிடும், கொயரியின் "//..." விட்டுவிடாது. ஆகவே கொயரி தந்த பட்டியலை அப்படியே பில்டுக்குக் கொடுத்தால், இதுவரை யாரும் தொடாத மேனுவல் இலக்குகளும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவையாகி, பில்டில் வந்து சேர்ந்துவிடும். அவற்றையும் இன்னொரு "எக்செப்ட்" மூலம் நீக்குவது நல்லது. இரண்டாவது, சாதாரண கொயரி எந்தக் கன்ஃபிகரேஷனில் (தளம் முதலிய அமைப்புகளில்) பில்ட் செய்யப் போகிறீர்கள் என்பதை அறியாது. தளத்துக்கேற்ற சார்புகளைத் தேர்ந்தெடுக்கும் "செலக்ட்" கூற்றின் எல்லாக் கிளைகளையும் அது சார்பாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் அந்த நூலகத்தைத் தொடாத ஓர் இலக்கு, விண்டோஸ் கிளையில் தொடுகிறது என்பதற்காகவே பட்டியலிலிருந்து நீங்கிவிடலாம். அந்த வேறுபாடு முக்கியமெனில் கன்ஃபிகரேஷனை அறிந்து விடையளிக்கும் "சிகொயரி" கட்டளையை நாட வேண்டும்.

கேள்வி: ஆண்ட்ராய்டு பணியில் கிரேடில் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தியபோது "-எக்ஸ் டெஸ்ட்" என்று கொடுத்தால் சோதனைகள் முழுவதுமாக ஒதுங்கிவிடும். பேஸலில் மட்டும் ஏன் இந்த நிபந்தனைகள்?
(வாசகர், திருச்சி)

பதில்: கிரேடிலின் "-எக்ஸ்" வேறு வகையான கத்தி. அது நீங்கள் கேட்ட பட்டியலிலிருந்து அன்றி, இயங்கப் போகும் பணிகளின் வரைபடத்திலிருந்தே ஒரு பணியை வெட்டி எடுக்கிறது. அந்தப் பணிக்காக மட்டுமே தேவைப்பட்ட பிற பணிகளும் உடன் விழுந்துவிடும். அதனால்தான் டெஸ்ட் பணியை விலக்கியதும் சோதனை நிரலைத் தொகுக்கும் வேலையும் காணாமல் போகிறது. ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஜாவா நிரலைத் தொகுக்கும் பணியையே "-எக்ஸ்" கொண்டு விலக்கிப் பாருங்கள்: ஜார் கோப்பைக் கட்டும் பணி தடையின்றி ஓடி, முந்தைய முறை தொகுக்கப்பட்டுக் கிடக்கும் பழைய கிளாஸ் கோப்புகளை எடுத்துப் பொதிந்து தந்துவிடும். பேஸல் இதை அனுமதிப்பதில்லை. இன்றைய மூலக் கோப்புகளிலிருந்து என்ன விளைய வேண்டுமோ அதுவே வெளியீடாக அமைய வேண்டும் என்பதை அக்கருவி அடிப்படை விதியாகக் கொண்டிருக்கிறது. இடையிலுள்ள ஒரு சார்பை வெட்ட இடம் கொடுத்தால் அந்த விதி உடைந்துவிடும். எனக்கு பேஸலின் கண்டிப்பே உடன்பாடு.

கேள்வி: "பேஸல் டெஸ்ட் --டெஸ்ட்_டேக்_ஃபில்டர்ஸ்=-இன்டக்ரேஷன் //..." என்று ஓட்டுகிறேன். ஒருங்கிணைப்புச் சோதனைகள் ஓடவில்லை என்பது சரி. ஆனால் அவற்றுக்கான நிரல்கள் தொகுக்கப்படுவதைத் திரையில் காண்கிறேன். காலவிரயத்தைத் தவிர்க்க வழி உண்டா? சோதனைகளை அளவைக் கொண்டும் பிரிக்கலாம் என்கிறார்களே, அதையும் விளக்குங்கள்.
(வாசகர், பெங்களூரு)

பதில்: வழி உண்டு. டெஸ்ட் கட்டளை இயல்பாகவே இரண்டு வேலைகளைச் செய்கிறது: கேட்கப்பட்ட எல்லா இலக்குகளையும், அவை சோதனைகளாக இல்லாவிட்டாலும், பில்ட் செய்கிறது, பிறகு சோதனைகளை ஓட்டுகிறது. நீங்கள் கொடுத்த வடிகட்டி இரண்டாவது வேலையை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. "--பில்ட்_டெஸ்ட்ஸ்_ஒன்லி" என்ற ஃபிளாக்கைச் சேர்த்தால், வடிகட்டியைத் தாண்டி எஞ்சிய சோதனைகளுக்குத் தேவையானவை மட்டுமே பில்ட் ஆகும். ஒதுக்கப்பட்ட சோதனைகளும், சோதனையல்லாத மற்ற இலக்குகளும் தொடப்படுவதில்லை. இதன் மறுபக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். எந்தச் சோதனையும் சார்ந்திராத ஒரு பைனரியின் தொகுப்பு உடைந்திருந்தால், இந்த ஃபிளாக் இருக்கும்போது அது வெளியே தெரியாது. எனவே உங்கள் மேசைக் கணினியில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இணைப்புக்கு முன் ஓடும் தானியங்கிச் சரிபார்ப்பில் (சிஐ) பயன்படுத்தினால், அங்கே தனியாக ஒரு முழு பில்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "--பில்ட்_டேக்_ஃபில்டர்ஸ்" என்பது டெஸ்ட் கட்டளையில் எந்தச் சோதனைகள் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. பேஸலின் அமைப்புகளை எழுதிவைக்கும் .பேஸல்ஆர்சி கோப்பில் "பில்ட்:சிஐ" என்று தொடங்கும் வரியில் அதை எழுதினால், டெஸ்ட் கட்டளையும் பில்ட் கட்டளையின் அமைப்புகளை மரபாகப் பெறுவதால், எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் விலக்க நினைத்த சோதனைகள் ஓடிக்கொண்டே இருக்கும். "டெஸ்ட்:சிஐ" என்று இன்னொரு வரியில் "--டெஸ்ட்_டேக்_ஃபில்டர்ஸ்" ஃபிளாக்கையும் எழுதிவிட்டு, "--கன்ஃபிக்=சிஐ" என்று அழைப்பதே முறை. இரண்டு ஃபிளாக்குகளுக்கும் தேர்வு விதி ஒன்றே: கழித்தல் குறி இல்லாத குறிச்சொற்களைக் கொடுத்திருந்தால் அவற்றுள் ஒன்றாவது இலக்கில் இருக்க வேண்டும்; கழித்தல் குறியுடன் கொடுத்தவற்றில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. "ஃபாஸ்ட்,யூனிட்" என்று கொடுத்தால் இரண்டும் உள்ளவை மட்டும் தேர்வாகும் என்று எண்ணிவிட வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, ஒவ்வொரு சோதனை விதியிலும் "சைஸ்" என்ற பண்பு உண்டு: ஸ்மால், மீடியம், லார்ஜ், எனார்மஸ். எதுவும் எழுதாவிட்டால் மீடியம் என்று கொள்ளப்படும். இவற்றின் இயல்பான கால வரம்புகள் முறையே 60, 300, 900, 3600 விநாடிகள். "--டெஸ்ட்_சைஸ்_ஃபில்டர்ஸ்=ஸ்மால்,மீடியம்" என்று கொடுத்தால் பெரிய சோதனைகள் விலகும். கால வரம்பை "டைம்அவுட்" பண்பின் மூலம் தனியாக மாற்றியிருந்தால் "--டெஸ்ட்_டைம்அவுட்_ஃபில்டர்ஸ்" பொருத்தமாக இருக்கும். "--டெஸ்ட்_ஃபில்டர்" என்பதோ முற்றிலும் வேறு. அது இலக்குகளைத் தேர்வதில்லை. ஓர் இலக்குக்குள் இருக்கும் தனித்தனிச் சோதனைச் செயற்கூறுகளில் எவற்றை ஓட்டுவது என்ற செய்தியைச் சூழல் மாறி ஒன்றின் வழியாகச் சோதனை இயக்கியிடம் சேர்க்கிறது. இயக்கி அதை மதித்தால்தான் பயன்.

உங்கள் வடிகட்டி எல்லாச் சோதனைகளையும் ஒதுக்கிவிட்டால், பில்ட் வெற்றி பெற்றிருந்தாலும் பேஸல் 4 என்ற வெளியேற்றக் குறியீட்டுடன் முடியும்: சோதனை கேட்கப்பட்டது, ஓட்ட ஒன்றும் இல்லை என்பது அதன் பொருள். சோதனை தோற்றால் வரும் குறியீடு 3. சிஐ ஸ்கிரிப்டில் இரண்டையும் ஒன்றாகப் பாவித்துச் சிவப்பு விளக்கு எரியவிடுவது தேவையற்ற பதற்றத்தைத் தரும். அதே சமயம் 4-ஐக் கண்ணை மூடிக்கொண்டு வெற்றியாகக் கொள்வதும் ஆபத்து. குறிச்சொல்லில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால்கூட அதே எண்தான் வரும்.

கேள்வி: பழைய நிரல்கள் உள்ள "லெகசி" கோப்புறையை மட்டும் விட்டுவிட, "பேஸல் பில்ட் //... -//லெகசி/..." என்று கொடுத்தால் பிழை வருகிறது.
(வாசகர், மதுரை)

பதில்: கழித்தல் குறியில் தொடங்கும் எதையும் பேஸல் ஃபிளாக் என்றே எண்ணும். எனவே ஃபிளாக்குகள் முடிந்தன என்று சொல்வதற்கு இரட்டைக் கோடு ஒன்றைத் தனியே இட வேண்டும்: "பேஸல் பில்ட் -- //... -//லெகசி/...". மற்ற ஃபிளாக்குகள் அனைத்தும் அந்த இரட்டைக் கோட்டுக்கு முன்பே வந்துவிட வேண்டும். குறியீடுகள் இடமிருந்து வலமாகக் கணக்கிடப்படுகின்றன; ஆகவே கழித்த பிறகு "//லெகசி/கோர்:லிப்" என்று எழுதி ஒன்றை மட்டும் திரும்பச் சேர்க்கவும் முடியும். முதல் கேள்விக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: லெகசிக்குள் இருக்கும் ஒன்றை வெளியே உள்ள இலக்கு சார்ந்திருந்தால், அது பில்ட் ஆகும்.

கேள்வி: "மேனுவல்" குறிச்சொல், நாமே இடும் குறிச்சொற்கள், "டார்கெட்_கம்பாட்டிபிள்_வித்" என மூன்று வழிகள் இருக்கின்றன. எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பயன்படுத்துகிறார்கள். எது சரி?
(வாசகர், கொழும்பு)

பதில்: மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். இந்த இலக்கு இந்தத் தளத்தில் பில்ட் ஆகவே முடியாது என்றால், உதாரணமாக மேக் கணினியில் மட்டும் தொகுக்கக்கூடிய நிரல் என்றால், "டார்கெட்_கம்பாட்டிபிள்_வித்" ஒன்றே பொருத்தம். "//..." என்று கேட்கும்போது, பொருந்தாத தளத்தில் அது ஓசையின்றித் தவிர்க்கப்படும், பெயர் சொல்லிக் கேட்டால் காரணத்துடன் பிழை வரும். குறிச்சொற்களுக்கு இல்லாத ஒரு குணமும் இதற்கு உண்டு: பொருந்தாத இலக்கைச் சார்ந்திருக்கும் இலக்குகளும் தாமாகவே பொருந்தாதவையாகக் கருதப்பட்டுத் தவிர்க்கப்படும். சென்னை வாசகர் குறிச்சொல்லிடம் எதிர்பார்த்த பரவல் இங்கே உண்மையில் நடக்கிறது. ஆனால் மெதுவாகத் தொகுக்கப்படுகிறது என்ற காரணத்துக்காக ஓர் இலக்கைப் பொருந்தாதது என்று அறிவிப்பது பொய்யுரைப்பது. அதைச் செய்ய வேண்டாம்.

பில்ட் ஆகும், ஆனால் இந்தச் சூழ்நிலையில் இப்போது வேண்டாம் என்றால், நீங்களே பெயரிட்ட குறிச்சொல்லும் வடிகட்டியும் போதும். முடிவு கட்டளையிடுபவரின் கையில் இருக்கும். நாளை வேறொருவர் வேறு விதமாக முடிவெடுக்கலாம்.

"மேனுவல்" குறித்து எனக்குச் சற்றுக் கடுமையான கருத்து உண்டு. பெயர் சொல்லி அழைத்தாலன்றி வராதே என்று இலக்கின் நெற்றியில் எழுதி ஒட்டுவது அது. தனி ஃபிளாக்குகள் இல்லாமல் தொகுக்க முடியாத இலக்கு, சாதனம் ஒன்று கணினியில் பொருத்தப்பட்டிருந்தால்தான் ஓடும் சோதனை போன்றவற்றுக்கு அது நியாயமானது. உடைந்துபோன சோதனையை அப்போதைக்கு மறைக்க அதை ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம்தான் கேடு. அதன் பிறகு யாருடைய "//..." கட்டளையும் அதைத் தொடாது, உறுப்பினர்களை வெளிப்படையாகப் பெயரிடாத டெஸ்ட் சூட்டுகளும் அதைச் சேர்த்துக்கொள்ளாது, சுற்றியுள்ள நிரல் மாற மாற அது பழுதுபார்க்க முடியாத நிலைக்குப் போய்விடும். கொயரி மேனுவல் இலக்குகளையும் பார்க்கும் என்பதால், "அட்டர்" என்ற கொயரிச் செயற்கூறைக் கொண்டு டேக்ஸ் பண்பில் மேனுவல் என்று உள்ளவற்றை அவ்வப்போது பட்டியலிட்டு, குழுவின் முன் வையுங்கள். அட்டர் செயற்கூறு குறிச்சொற்களை ஒரே சரமாக்கி, சதுர அடைப்புக்குள் காற்புள்ளியால் பிரித்து, அதில் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைக் கொண்டு தேடும் முறை) தேடல் நடத்துகிறது. எனவே மேனுவல் என்ற எழுத்துகளைத் தன்னுள் கொண்ட வேறு குறிச்சொற்களும் அகப்படலாம். சொல்லின் இரு புறமும் என்ன எழுத்து வரலாம் என்பதையும் ரெஜெக்ஸில் குறிப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: வேறொரு திட்டத்திலிருந்து நகலெடுத்து வந்த கோப்புறை ஒன்றில் பில்ட் கோப்புகள் எங்கள் பதிப்புடன் ஒத்துப்போகவில்லை. குறிச்சொல் இட்டு வடிகட்டினாலும் பிழை போகவில்லை.
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: குறிச்சொல்லைப் படிப்பதற்கே அந்த பில்ட் கோப்பைத் திறந்தாக வேண்டும், திறக்கும்போதே பிழை வந்துவிடுகிறது. களஞ்சியத்தின் மேல் அடுக்கில் .பேஸல்இக்னோர் என்ற கோப்பை உருவாக்கி, அந்தக் கோப்புறையின் பாதையை, மேல் அடுக்கிலிருந்து தொடங்கி, ஒரு வரியில் எழுதுங்கள். பேஸல் அதற்குள் எட்டிப் பார்க்காது. ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் வந்து சேரும் நோட்_மாட்யூல்ஸ் கோப்புறைகளுக்கும் இதுவே வழக்கமான மருந்து. ஆனால் வேறு ஏதேனும் இலக்கு அதற்குள் இருப்பதைச் சார்ந்திருந்தால், அந்தச் சார்பு இனிக் கிடைக்காது.

கேள்வி: ஒரு மாற்றத்தில் திருத்தப்பட்ட கோப்புகளால் பாதிக்கப்படும் இலக்குகளை மட்டும் சிஐ-யில் பில்ட் செய்ய விரும்புகிறோம். பதிப்புகளை நிர்வகிக்கும் கிட் தரும் கோப்புப் பட்டியலை "ஆர்டெப்ஸ்" கொயரிக்குக் கொடுத்தால் போதுமா?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: மூலக் கோப்புகள் மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் போதும். பில்ட் கோப்போ, அது ஏற்றும், விதிகள் எழுதப்பட்ட .பிசெட்எல் கோப்போ மாறியிருந்தால் போதாது. இலக்குகள் தம்மை வரையறுக்கும் பில்ட் கோப்பைச் சார்ந்திருப்பதாகச் சார்பு வரைபடம் கருதுவதில்லை. ஆகவே ஆர்டெப்ஸிடம் பில்ட் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பயனுள்ள விடை வராது. பில்ட் கோப்பு மாறினால் அந்த பேக்கேஜின் எல்லா இலக்குகளையும் பட்டியலில் சேர்த்து, அவற்றுக்கு ஆர்டெப்ஸ் கேட்பது, .பிசெட்எல் கோப்போ .பேஸல்ஆர்சி கோப்போ மாறினால் முழுக் களஞ்சியத்தையும் பில்ட் செய்வது என்று ஸ்கிரிப்டில் விதி வைப்பது பாதுகாப்பானது. நீக்கப்பட்ட கோப்புகளும் கிட் பட்டியலில் வரும். இல்லாத கோப்பைக் கேட்டதாகக் கொயரி பிழை காட்டும். அவற்றை முன்கூட்டியே களைந்துவிட்டு, அவை இருந்த பேக்கேஜையும் மாறியதாகவே கொள்ளுங்கள்.

இவ்வளவையும் எழுதுவதற்கு முன், தொலைநிலை கேச் ஒன்றை அமைத்து "//..." ஓட்டிப் பாருங்கள் என்பேன். மாறாத உள்ளீடுகளைக் கொண்ட செயல்களை பேஸல் மீண்டும் செய்வதில்லை. முந்தைய ஓட்டத்தின் விளைவுகள் கேச்சில் கிடைக்குமானால், முழுக் களஞ்சியத்தைக் கேட்டாலும் மாறிய பகுதியே உண்மையில் தொகுக்கப்படும். எஞ்சும் செலவு பேக்கேஜ்களைப் படிப்பதும் சார்புகளைப் பகுப்பாய்வு செய்வதும்தான். அதுவே பொறுக்க முடியாத அளவுக்குக் களஞ்சியம் வளர்ந்திருந்தால் மட்டும் ஆர்டெப்ஸ் ஸ்கிரிப்டில் இறங்குங்கள். எடிட்டரில் ஒரே கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம்; "--கம்பைல்_ஒன்_டிபென்டன்சி" ஃபிளாக்குடன் அந்த மூலக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதைச் சார்ந்த ஓர் இலக்கை பேஸலே தேடியெடுத்து பில்ட் செய்துவிடும்.